உவர் நிலமும் நெற்பயிரும்

சோழ நாட்டைச் சோற்றுக்குப் பெயர்போன நாடென்று புகழ்தல் நம்மவர் வழக்கம். ஆயினும் நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய கடைமடைப் பகுதிகளில் ஆற்றுநீர் குறையுந்தோறும் நிலத்தில் உப்பு மிகுகின்றது. அந்நிலத்தில் எதைப் பயிரிடுவது என்பதே ஆங்குள்ள குடியானவரின் பெருங்கவலை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உப்பால் கெட்ட நிலம் இருவகைத்து. கரையும் உப்புக்கள் மிகுந்தது உவர் நிலம். சோடியம் மண்ணோடு பற்றி, நீர் உள்ளிறங்காதபடி இறுகியது களர் நிலம். உவர் நிலத்தில் ஈரமிருந்தும் வேர் அதனை எளிதில் உறிஞ்சமாட்டாது. பயிர் தண்ணீரின் நடுவே தாகத்தால் வாடும். நெல், நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் இத்துன்பத்தை மிகுதியும் அடைகின்றது. பருத்தி, பார்லி முதலியன நெல்லினும் உப்பைத் தாங்குவன. ஆனால் மாரிக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்ந்த வயலில் அவை நில்லா. ஆகவே அவ்வயல்களுக்கு வேண்டுவது உப்பைப் பொறுக்கும் நெல்லே.

அத்தகைய நெல் நம் முன்னோரிடம் இருந்தது. களர்ப்பாலை என்னும் பெயரே அதன் குணத்தைச் சொல்லும். குழியடிச்சான் வறட்சியையும் உவர்ப்பையும் ஒருங்கே தாங்கும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகைக் கரையோர வயல்களில் உப்புநீரைப் பாய்ச்சிய பின்னர், இவ்விதைகளின் அருமையை உழவர் மீண்டும் உணர்ந்தனர். மலையாள நாட்டுப் பொக்காளி நெல், சோடியத்தை இலைகளுக்கு மிகுதியாக ஏறவிடாது தடுக்கும் இயல்பினது. உப்பைத் தாங்கும் புதிய விதைகளை ஆக்குவோர் பலர் அதனையே மூலமாகக் கொண்டனர். திருச்சிராப்பள்ளி வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 என்பவை களர் நிலத்துக்கு ஏற்றவை.

பழைய நெல் உயர்ந்து வளர்ந்து சாயும், விளைவும் குறைவு. புதியது மிகுதியாக விளையும். அதுகொண்டு பழையதைக் கைவிடுதல் அறிவுடைமையன்று. மூலவிதை அழிந்தபின் புதியதை எதிலிருந்து ஆக்குவது? திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்து நெல் ஜெயராமன், 2018-இல் மறையுமுன், நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல்வகைகளை மீட்டுக் காத்தது இதனாலேயே பெருந்தொண்டாயிற்று.

எனினும் விதை மட்டும் நிலத்தைத் திருத்தாது. களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, நன்னீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுதல் வேண்டும். உவர் நிலத்துக்கு மழைநீரே மருந்து. வடிகால் தூர்ந்திருப்பின் இவை யாவும் வீணே.

நம் மாணவருள் உழவர் குடியில் பிறந்தோர் பலர். விடுமுறையில் ஊர் செல்வோர், தம் முதியோர் அறிந்த நெல்லின் பெயரையும் அது விளைந்த நிலத்தின் தன்மையையும் கேட்டு எழுதி வருவாராயின், அதுவும் சிறந்த கல்விப் பணியேயாம்.