படம் வரையும் கணிப்பொறியின் வெப்பம்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் 2005-ஆம் ஆண்டுக்கு முன்னர் தேசிய எம்.எஸ்.டி. ராடார் நிலையம் என வழங்கிற்று. வரிசை வரிசையாக நிற்கும் 1024 யாகி ஆன்டெனாக்கள் 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானோக்கி அனுப்புகின்றன. திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு மேலே வீசும் காற்றின் போக்கை அறிகின்றனர். இத்தனை உழைப்பும் இறுதியில் ஒரு வண்ணப்படமாகவே விஞ்ஞானியின் கண்ணுக்குப் புலனாகிறது. இத்தகைய படங்களை வரையும் மென்பொருள் சில வேளைகளில் கணிப்பொறியைக் கொதிக்க வைத்துவிடும்.

ஆந்திரத்தில் குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று விஞ்ஞானம் பயில்கின்றனர். அவர்தம் மடிக்கணினியிலும் இத்தொல்லையைக் காணலாம். விசிறி இரைகிறது, அடிப்பக்கம் சுடுகிறது, திடீரெனப் பொறி அணைந்து, சேமிக்காத வேலை பாழாகிறது. “புதிது வாங்கிவிடுங்கள்” என்பார் கடைக்காரர். மாதச் சம்பளக் குடும்பத்திற்கு அது சிறு செலவன்று. ஆதலின் முதலில் காரணத்தை ஆராய்வோம்.

செயலி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. வாளாவிருக்கையில் சில வாட் மட்டும் கொள்வது, முழு வேலையில் பன்மடங்கு கொள்ளும். விசிறியோ அறைக்காற்றைக் கொண்டுதான் அதனைத் தணிக்கவியலும். 28 டிகிரியாக இருந்த அறை சித்திரை வெயிலில் 40 டிகிரியானால், அதே வேலையில் செயலியின் சூடும் ஏறத்தாழ 12 டிகிரி உயரும். பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகள் 100 டிகிரியை அணுகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மாலையில் விரைந்து முடிந்த வேலை நண்பகலில் தவழ்வதற்கு இதுவே காரணம்.

வேலையின் அளவை எவ்வாறு அறிவது? விண்டோஸில் டாஸ்க் மேனேஜரும், லினக்ஸில் டாப் என்னும் கட்டளையும் உதவும். ஆனால் இரண்டின் கணக்கும் வேறு. எட்டுக் கருக்கள் கொண்ட செயலியில் ஒரு கரு மட்டும் முழுமூச்சாய் உழைத்தால், டாப் நூறு விழுக்காடு என்னும். டாஸ்க் மேனேஜரோ பன்னிரண்டு அல்லது பதின்மூன்று என்று காட்டும். இவ்வெண்ணைக் கண்டு வேலை குறைவென்று கருதலாகாது.

இனி, அவ்வேலை தேவைதானா என்று நோக்குவோம். ராடார் கற்றைகள் ஆறு, உயர அடுக்குகள் 130, ஒவ்வொன்றிலும் 512 மதிப்புகள், நான்கு நிமிடத்திற்கு ஒரு சுற்று எனக் கொண்டால், ஒரு நாளில் 14 கோடிக்கு மேற்பட்ட மதிப்புகள் சேரும். 1920-க்கு 1080 என்ற திரையிலுள்ள புள்ளிகளோ 20,73,600 மட்டுமே. ஒரு புள்ளியின்மீது எழுபது மதிப்புகளை அடுக்கி வரைவதால் கண்ணுக்கு எப்பயனும் இல்லை. சராசரி கண்டு, அல்லது இடைவெளி விட்டுத் தெரிந்தெடுத்து வரைந்தால் சூடு பெரிதும் அடங்கும். மூல மதிப்புகள் கோப்பில் பத்திரமாகவே இருக்கும். அசையும் படத்தில் பிறிதொரு வீண்செலவு உண்டு: கோடு மட்டும் நகர வேண்டிய இடத்தில், அச்சு, எண், தலைப்பு யாவற்றையும் நொடிதோறும் அழித்து அழித்து எழுதும்படி நிரல் அமைந்திருக்கும்.

முப்பரிமாணப் படமாயின் மற்றொன்றையும் காண்க. வரைகலை அட்டை இருந்தும், அதற்குரிய டிரைவர் சரியாக நிறுவப்படாவிடில், அதன் பணி முழுவதும் செயலியின் தலையில் விழும். பாராவியூ போன்ற மென்பொருளில் ‘அபௌட்’ பகுதியைத் திறந்தால், படத்தை வரைவது எதுவென்று எழுதியிருக்கும். அங்கே அட்டையின் பெயருக்கு மாறாக எல்.எல்.வி.எம்.பைப் என்று காணப்பட்டால், அட்டை சும்மா இருக்கிறதென்று பொருள். தொலைவிலுள்ள கணிப்பொறியை வீட்டிலிருந்து இயக்கும்போதும் இவ்வாறு நேர்வதுண்டு.

இவற்றைச் சீர்செய்த பின்னரும் சூடு தணியாவிடில் புழுதியைச் சந்தேகிக்கலாம். மெத்தைமீது வைத்தால் அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும். பலகைமீது வைத்துப் பாருங்கள். விசிறியில் படிந்த தூசியை நீக்குதலும், செயலிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே உலர்ந்துபோன வெப்பக்களிம்பை மாற்றுதலும் பழகிய கைகள் செய்யவேண்டியவை. கடைக்காரரிடம் அவ்விரண்டை மட்டும் கேளுங்கள்.