ஐ.நா. கிளம்பிய ஆண்டு

கிழக்கு திமோரின் முதல் அதிபர் தலைநகரில் ஒன்பது நாள்தான் அந்தப் பதவியில் இருந்தார். பெயர் பிரான்சிஸ்கோ சேவியர் டோ அமரால். 1975 நவம்பர் 28 அன்று போர்ச்சுகலிடமிருந்து நாடு விடுதலை பெற்றதாக அறிவித்தார். டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படை தலைநகர் டிலியில் இறங்கிவிட்டது. காட்டுக்குள் போனபிறகு சொந்தக் கட்சியான ஃபிரெட்டிலினே அவரைத் துரோகி என்று பதவியிலிருந்து இறக்கியது. அடுத்து இந்தோனேசியர்களிடம் பிடிபட்டார். அத்தனைக்கும் பிறகு, 2012இல், உடம்பில் நோயோடு மீண்டும் அதிபர் தேர்தலுக்கு நின்றார். வாக்குப்பதிவு மார்ச் 17. அவர் மார்ச் 6 அன்று இறந்துபோனார்.

வேட்பாளர் இறந்தால் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. நாடாளுமன்றம் உடனே அதைத் திருத்தியது. கிழவருக்கு அரசு மரியாதை நடந்தது; தேர்தலும் குறித்த நாளில் நடந்தது. அந்த நாட்டின்மேல் எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அந்த வாரத்தில்தான்.

மலேசியக் காவல்துறையிலிருந்து ஐ.நா. பணிக்காக டிலிக்குப் போனவன் நான். எனக்குத் தெரிந்த மலாய் அங்கே பெரிய உதவியாக இருந்தது. இந்தோனேசிய ஆட்சியில் பள்ளிக்கூடம் போனவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசலாம். மைக்ரோலெட் எனப்படும் குட்டி வேன்களில் ஏறினால் பக்கத்து ஆள் ஊர், பிள்ளைகள் எல்லாம் விசாரிப்பார். இறங்க வேண்டிய இடத்தில் காசை எடுத்து மேல்கம்பியில் தட்டினால் வண்டி நிற்கும்.

ஐ.நா. அங்கே ஏன் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிலிருந்து பிரிய வாக்களித்தார்கள். 2002 மே 20 அன்று நாடு முழு விடுதலை பெற்றது. நான்கே ஆண்டில், பாகுபாடு காட்டுகிறார்கள் என்று முறையிட்ட சுமார் அறுநூறு படைவீரர்கள் வேலைநீக்கம் செய்யப்பட, அது நாட்டின் கிழக்குப் பகுதிக்காரர், மேற்குப் பகுதிக்காரர் என்ற பகையாக வெடித்தது. ராணுவமும் போலீசும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். 2006 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட ஐ.நா. பணிக்குழுவின் முக்கிய வேலைகளில் ஒன்று, உடைந்துபோன காவல்துறையை மறுபடி நிமிர்த்துவது. 2012 வந்தபோது பொறுப்பு முழுவதும் திமோர் போலீசாரிடம் இருந்தது. நாங்கள் கூடவே இருந்து உதவுகிறவர்கள், அவ்வளவுதான்.

மார்ச் 17 அன்று வாக்குச்சாவடிகளில் விடியும் முன்பே வரிசை. பெண்கள் கைக்குழந்தையோடு நின்றார்கள். வாக்குச்சீட்டில் ஆணியால் துளையிட்டு, விரலை மையில் முக்கிவிட்டு வெளியே வருவார்கள். பதவியில் இருந்த அதிபர் ஜோசே ராமோஸ் ஹோர்ட்டா, 1996இல் அமைதி நோபல் பெற்றவர், 2008இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்தவர், மூன்றாம் இடத்துக்குப் போனார். முடிவை ஏற்றுக்கொண்டார். ஏப்ரல் 16 இரண்டாம் சுற்றில் போட்டியிட்ட இருவருமே காட்டில் போராடியவர்கள். ஃபாலிந்தில் கெரில்லாப் படையின் கடைசித் தளபதி தாவுர் மத்தான் ருவாக் 61 சதவீத வாக்கோடு வென்றார்; தோற்றவர் ஃபிரெட்டிலின் தலைவர் லூ ஓலோ.

பதவியேற்பு மே 19 நள்ளிரவில், தாசி தோலுவில். இந்தோனேசிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆட்களைக் கொன்று போட்ட இடம் அது. அதே இடத்துக்கு, விடுதலையின் பத்தாம் ஆண்டு விழாவுக்காக, இந்தோனேசிய அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோ வந்தார். அவர் முன்னாள் ராணுவ ஜெனரல். கொலைகளுக்கு நீதி கேட்டு நின்ற குடும்பங்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது அந்த விழாவில் கிடைக்கவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரனோடு வாழ்ந்தாக வேண்டும் என்று திமோர் தலைவர்கள் எடுத்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஜூலை 7 நாடாளுமன்றத் தேர்தலில் அப்போதைய பிரதமர் ஷனானா குஸ்மாவோவின் கட்சிக்கு 65இல் 30 இடம், ஃபிரெட்டிலினுக்கு 25. ஜூலை 15 அன்று ஷனானா கட்சி, ஃபிரெட்டிலினைச் சேர்க்காமல் சிறு கட்சிகளோடு கூட்டணி என்று அறிவித்தது. கட்சிக் கூட்டத்தில் ஃபிரெட்டிலினைத் தாக்கிப் பேசிய பேச்சும் தொலைக்காட்சியில் நேரடியாகப் போனது. அன்று இரவே டிலியில் கார்கள் எரிந்தன. சாலைகளில் கல்வீச்சு. என்னோடு இருந்த திமோர் காவலர் ஒருவர், முப்பது வயது இருக்கும், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஐயா, 2006இல் சீருடையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினோம். இந்தத் தடவை ஓட மாட்டோம்." ஓடவில்லை. ஆனால் டிலிக்குப் பக்கத்து ஹேராவில் போலீஸ் குண்டுக்கு ஓர் இளைஞன் பலியானான். ஒரு காவல்துறை தேறிவிட்டது என்று சொல்லும்போது அந்தச் சாவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சில நாளில் ஊர் அடங்கியது. ஃபிரெட்டிலின் எதிர்க்கட்சி வரிசையில் போய் அமர்ந்தது.

அக்டோபர் 31 அன்று எங்கள் காவல் பணி முடிந்தது. டிசம்பர் 31 அன்று ஐ.நா. பணிக்குழுவும் முடிந்தது. வெள்ளை வண்டிகள் போனதும் ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், சமையல்காரர் என்று நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்களின் வேலையும் போயிற்று. எங்களை வைத்துப் பிழைத்த வீட்டுச் சொந்தக்காரர்களும் கடைக்காரர்களும் அடுத்து யார் வருவார்கள் என்று கேட்டார்கள். யாரும் வரப்போவதில்லை என்பதுதான் நாடு அந்த ஆண்டு ஜெயித்த ஜெயம். அதை அவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

எனக்கு இருந்த கவலை வேறு. கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்தைச் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கிய நிதியில் அந்த ஆண்டு முடிவில் 1,100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தது. அதே நேரம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஊட்டமில்லாமல் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். மலைக்கிராமங்களில் ஐந்து வயது என்று சொன்ன பிள்ளையைப் பார்த்தால் மூன்று வயது போல இருக்கும்.

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில், எங்கள் ஊரில், திமோர் ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடாயிற்று. பிரதமராக வந்தவர் ஷனானா, அதிபர் ராமோஸ் ஹோர்ட்டா. 2012இல் பார்த்த அதே முகங்கள். நிதியை நிரப்பிய பாயு உண்டான் வயலில் உற்பத்தி நின்றுவிட்டது. நான் பார்த்த அந்தக் குழந்தைகளுக்கு இப்போது வாக்குரிமை வயது. அவர்களில் எத்தனை பேருக்கு டிலியில் வேலை இருக்கிறது என்பதைத்தான் இப்போது அந்த நாட்டிடம் கேட்க வேண்டும்.