எட்டு ரியால் வெள்ளி நாணயம்

ஸ்பானியப் பேரரசு, 17ஆம் நூற்றாண்டு
வெள்ளி, ஏறத்தாழ 27 கிராம்

மெக்சிகோ, பொட்டோசி நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்ட இவ்வகை நாணயம் அமெரிக்காவிலும் ஆசியத் துறைமுகங்களிலும் புழங்கியது. வெள்ளிப் பாளத்திலிருந்து வெட்டிச் சுத்தியலால் அடித்ததால் ஓரங்கள் சீரற்றவை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1857 வரை ஸ்பானிய வெள்ளி சட்டபூர்வப் பணமாக இருந்தது.

மிளகும் கறுவாவும் வாங்க ஒல்லாந்தர் இத்தகைய நாணயங்களை ஆசியாவுக்குக் கொண்டுவந்தனர். அவர்களின் கப்பல் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டார். கல்லடியிலிருந்து வாவிக்கு அக்கரையில், புளியந்தீவிலுள்ள கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர்.

நாணயச்சாலைக் குறி, அரச சின்னம், எடை ஆகியவற்றைக் கொண்டு சேகரிப்போர் இதன் பிறப்பிடத்தையும் காலத்தையும் அறிகின்றனர்.

உங்களிடம் பழைய வெள்ளி நாணயம் இருந்தால் தேய்த்துத் துலக்க வேண்டாம், குறிகள் அழிந்துவிடும்.