பூமிக்கு வயது சொன்னவரின் பதவிப் பட்டியல்

பல்கலைக்கழக இணையப் பக்கங்களில் பேராசிரியர் பெயருக்குக் கீழே படிப்பு, பதவி, விருதுன்னு நீளமா ஒரு பட்டியல் இருக்கும். யாரும் நின்று படிக்கறதில்லை. கிளேர் பேட்டர்சனோட பட்டியலை மட்டும் கொஞ்சம் வருடத்தோட சேர்த்துப் பாருங்க.

படிப்பு வேதியியல். போர்க்காலத்தில் ஓக் ரிட்ஜில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை. 1951ல் சிகாகோவில் முனைவர் பட்டம். அங்கே வழிகாட்டி ஹாரிசன் பிரவுன் கொடுத்த வேலை, விண்கல்லில் உள்ள ஈயத்தை அளப்பது.

ஏன் ஈயம்? யுரேனியம்-238 மெல்லச் சிதைந்து ஈயம்-206 ஆகும், யுரேனியம்-235 வேறொரு வேகத்தில் ஈயம்-207 ஆகும். இந்த இரண்டு ஈயத்தின் விகிதம்தான் கடிகாரம். ஆனால் கடிகாரம் ஓட ஆரம்பித்தபோது எவ்வளவு ஈயம் இருந்ததுன்னு தெரியணுமே! இரும்பு விண்கல்லில் யுரேனியம் கிட்டத்தட்ட கிடையாது. அதனால் அதிலுள்ள ஈயம் பிறந்தபடியே இருக்கும். அரிசோனாவில் விழுந்த கேன்யன் டியாப்ளோ விண்கல் அதைக் கொடுத்தது. 1956ல் வெளியான விடை: பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு, 7 கோடி முன்னே பின்னே. இன்றைக்கும் அந்த எண் பெரிதாக மாறவில்லை.

இதற்குள் ஒரு தொல்லை. எதை அளந்தாலும் இருக்கவேண்டியதைவிட அதிக ஈயம் வந்தது. காற்று, தூசி, கண்ணாடிக் குடுவை, அமிலம்னு எல்லாத்திலும் ஈயம். அதைத் துடைத்தெடுக்கவே வருடங்கள் போச்சு. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருதுன்னு கடல்நீரிலும் கிரீன்லாந்து பனியிலும் தேடினார். பெரும்பங்கு பெட்ரோலில் கலந்த ஈயம். 1965ல் அதை வெளிப்படையாக எழுதினார். எண்ணெய்த் துறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிப் பணம் நின்றது. 1971ல் காற்றிலுள்ள ஈயம் பற்றி அமெரிக்காவில் அமைத்த நிபுணர் குழுவிலும் அவருக்கு இடமில்லை. (அவரை விட்டால் வேறு யார் நிபுணர்?)

இப்போ பட்டியல். கால்டெக்கில் சேர்ந்தது 1952. கோல்ட்ஷ்மிட் பதக்கம் 1980. அது புவி வேதியியலாளர்கள் கொடுத்தது, அவங்களுக்கு ஆளைத் தெரியும். தேசிய அறிவியல் கழக உறுப்பினர் 1987. பேராசிரியர்ங்கிற பதவி 1989. அதுவரை 37 வருடமும் ஆராய்ச்சியாளர் பதவிகள்தான். சுற்றுச்சூழலுக்கான டைலர் பரிசு 1995.

அதே வருடம் டிசம்பரில் இறந்தார். அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் விற்கத் தடை அமலுக்கு வந்தது 1996 ஜனவரி 1.