டர்போவைத் திருப்பும் முன் எண்ணெய்த் துளையைக் கவனியுங்கள்

ஹாஃப்-கட் கடையில் வாங்கிய டர்போவைப் பொருத்தும்போது, அதன் வாய்கள் காரின் குழாய்களுக்கு நேராக அமையாமல் போவதுண்டு. உடனே வேறு டர்போ தேட வேண்டியதில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, இருபக்கக் கூடுகளையும் தேவையான திசைக்குத் திருப்பலாம்.

ஆனால், நடுப்பகுதியில் எண்ணெய் வெளியேறும் துளை கீழ்நோக்கியே இருக்க வேண்டும். அந்த எண்ணெயை எந்தப் பம்ப்பும் இழுப்பதில்லை; அது தானாகவே வழிந்து இறங்குகிறது. துளை பெரிதும் சாய்ந்தால் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, நீலப்புகை வரும். டர்போ நன்றாக இருந்தும், இன்ஜினே பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் வீண்செலவு செய்கிறார்கள்.

காற்றை உள்ளிழுக்கும் பக்கத்துக் கூட்டை வீட்டிலேயே திருப்பலாம். கூடு சாய்ந்து உள்ளிருக்கும் சக்கரத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சக்கரத்தில் ஓர் இதழ் வளைந்தாலும் டர்போ கெட்டுவிடும்.

புகைபோக்கிப் பக்கத்துப் போல்ட்டுகள் சூட்டில் இறுகி, கழற்றும்போது உடையக்கூடும். கூட்டைத் திருப்பியதால் வேஸ்ட்கேட் கம்பி இடம் மாறினால் பூஸ்ட் அளவும் மாறும். இவ்விரண்டையும் அனுபவமுள்ள பட்டறையிடம் விடுவதே நல்லது.

பொருத்திய பின், மேல்துளையில் சிறிது புதிய எண்ணெய் ஊற்றாமல் இன்ஜினை முடுக்கக்கூடாது.