குதிரைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, பணம் கிடைக்குமா? பாலிசியில் பார்க்க வேண்டிய 5 இடங்கள்

2025 மே 2 அன்று கேதார்நாத் கோவில் நடை திறந்தது. அடுத்த சில நாட்களிலேயே யாத்திரைப் பாதையில் பத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்தன. குதிரைக் காய்ச்சல் அச்சத்தால் குதிரைப் போக்குவரத்து 24 மணி நேரம் நிறுத்தப்பட்டது.

கௌரிகுண்டிலிருந்து கோவிலுக்குச் சுமார் 16 கி.மீ. ஏற்றம். அந்தப் பாதையில் ஆளையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் குடும்பத்துக்கு ஒரு கோவேறு கழுதைதான் முழு முதலீடு. அது விழுந்தால் வருமானம் நிற்கும், வாங்கிய கடன் நிற்காது. அதற்குத்தான் காப்பீடு. ஆனால் பிரீமியம் கட்டியாச்சு என்பதால் மட்டும் பணம் வந்துவிடாது.

எத்தனை குதிரைகள்?

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 6.25 லட்சம். 2019இல் அது சுமார் 3.4 லட்சம். கோவேறு கழுதைகள் 1.96 லட்சத்திலிருந்து 84 ஆயிரமாகக் குறைந்தன. மிச்சமிருப்பவற்றில் பல மலைப் பாதை, செங்கல் சூளை, குதிரை வண்டி என்று தினமும் உழைப்பவை.

அரசு என்ன தருகிறது?

தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை எல்லாமே உண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை செய்த மாற்றத்தின்படி, உரிமையாளர் கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15% மட்டுமே. உதாரணத்துக்கு, பிரீமியம் 4,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 600 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும்.

எங்கே சிக்கல் வரும்?

1. தேதி: பாலிசி தொடங்கிய முதல் 15 நாட்களுக்குள் நோய் வந்து இறந்தால் பொதுவாக இழப்பீடு இல்லை. நடை திறக்கும் வாரத்தில் காப்பீடு எடுத்தவரின் குதிரை அடுத்த சில நாளில் காய்ச்சலில் இறந்தால், கையில் பாலிசி இருந்தும் பயன் இல்லை. சீசனுக்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். பழைய பாலிசியை இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள்.

2. தொகை: கால்நடை மருத்துவர் சான்றளிக்கும் சந்தை மதிப்புதான் காப்பீட்டுத் தொகை. மூன்று வருடத்துக்கு முன் போட்ட மதிப்பில் இன்று வேறு குதிரை வாங்க முடியுமா? முடியாது என்றால் மதிப்பை மாற்றச் சொல்லுங்கள்.

3. பயன்பாடு: சவாரிக்கு என்று எழுதிவிட்டு சுமை ஏற்றினால் நிறுவனம் மறுக்க இடம் உண்டு. அளவுக்கு மீறிய சுமை, கவனிப்பின்மை, தகுதியற்றவரிடம் சிகிச்சை ஆகியவையும் பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும்.

4. அடையாளம்: காதுத் தோடோ மைக்ரோசிப்போ, பாலிசியில் உள்ள எண்ணும் குதிரையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தோடு விழுந்தால் உடனே தெரிவித்து மாற்றுங்கள். நிறம், நெற்றிச் சுட்டி தெரியும்படி போட்டோ வைத்திருங்கள்.

5. எது இல்லை: அடிப்படை பாலிசி மரணத்துக்கு மட்டும்தான். கால் உடைந்து நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனால், கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பணம். குதிரை யாரையாவது உதைத்தால் வரும் செலவும் இதில் சேராது. 24 மணி நேரத் தடையில் கொட்டிலில் நின்ற ஆரோக்கியமான குதிரையின் கூலியும் சேராது.

கிளாண்டர்ஸ் வந்தால்?

மனிதருக்கும் பரவக்கூடிய இந்த நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக் கொலை செய்ய வேண்டிவரும். அரசு உத்தரவில் கொல்லப்பட்டால் பணம் உண்டா என்பதைப் பாலிசி வாசகத்திலேயே காட்டச் சொல்லுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது.

குதிரை இறந்துவிட்டால்?

உடனே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் பார்க்கும் முன் புதைக்காதீர்கள். தோட்டைக் கழற்றாதீர்கள். மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புச் சான்றும் வாங்குங்கள்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும். 155255 என்ற எண்ணில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் புகார் சொல்லலாம்.

அதற்கெல்லாம் போகாமல் தப்பிக்க எளிய வழி: இன்றைக்கே பாலிசியை எடுத்து, குதிரையின் பக்கத்தில் நின்று, எண்ணையும் தேதியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.