காமன் கூத்தும் ஒரு நாட் பேரும்

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று தொட்டுப் பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் இரவு வரை, பதுளை, பசறை, மொனராகலைப் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் தப்பொலி கேட்கும். ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுவோர் இருவரும் ஆண்களே, விரதம் காப்பவர்கள். இக்கூத்தின் பக்திச் சிறப்பைப் பலர் எடுத்துரைத்துள்ளனர். ஆடுகிறவனுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதோ அதிகம் பேசப்படாத செய்தி.

எவரும் கொடுப்பதில்லை என்பதே விடை. லயங்களில் வீடுதோறும் திரட்டும் வரிப்பணம் உடைக்கும் அரிதாரத்துக்கும் விளக்குக்கும் செலவாகிவிடும். ஆட்டம் பயிற்றும் மாஸ்டருக்கு மரியாதை உண்டு. கூலி எனத்தக்கது தப்படிப்போருக்கு மட்டுமே. அதுவும் பேசி முடித்த தொகையன்று, வழக்கப்படி அளிப்பது. இரவெல்லாம் கை ஓயாமல் உழைப்பவர்கள் அவர்கள். சாதி வழக்கின் பெயரால் பேரம் பேசும் உரிமை குறைந்திருந்ததும் அவர்களுக்கே.

ஆட்டக்காரன் கைப்பொருளாகக் கொடுப்பது ஒன்றுண்டு. அது அவனுடைய 'பேர்'. தோட்டத்துச் சம்பளம் நாட்கணக்கைச் சார்ந்தது. பேர் விழுந்தால் கூலி. பாதி வேலைக்கு அரைப்பேர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நாளையே அளவாகக் கொண்டது. ஆகவே விடிய விடிய ஆடியவன் பிரட்டுக்குப் போகாவிடின் ஒரு நாட்கூலி போயிற்று. மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். வெயில் ஏறுமுன்னரே பால் நன்கு வடியும் என்பதால், வெட்டுவோர் அதிகாலையில் மரத்தடியில் நிற்க வேண்டும். மாசியை ஒட்டி இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கிறது; பாலும் குறைகிறது. வேலை தளரும் அப்பருவம் ஆடுவோருக்குச் சற்று வசதியே. வரிப்பணம் கொடுக்கும் குடும்பங்களுக்கு அதுவே சுமை.

முற்காலத்தில் பெரிய கங்காணிதான் துரையிடம் சென்று அனுமதி கேட்பார். கிடைத்த சலுகை அவர் பெருமையாயிற்று. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்ட காலம் முதல் ஊவாவில் சங்கங்கள் வலுப்பெற்றன. கங்காணியின் இடத்துக்குத் தோட்டத் தலைவர் வந்தார். ஆயினும் சங்கம் வாதாடியது கொழுந்துக்கும் பாலுக்கும் உரிய கூலிக்காகவே. கூத்துக்குரிய ஓய்வு, கேட்டுப் பெறும் தயவாகவே நின்றது.

சென்னைத் திரைத்தொழிலில் கதை வேறு. இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீநிவாசன் வாத்தியக் கலைஞரைச் சங்கமாகத் திரட்டினார். அங்கே உழைப்புக்குக் 'கால்ஷீட்' என்றொரு அளவுண்டு. அளவு இருந்தமையால் நேரம் மிகும்போது மேலதிகக் கூலி கேட்க இயன்றது. இலங்கையிலும் 1975இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 'புதிய காற்று' படத்தின் வாயிலாகத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தார். லயத்து முற்றத்தில் ஆடுபவனுக்குக் கால்ஷீட் ஏது?

தோட்டத்துக்கு வெளியே விழா மேடைக்கு அழைக்கப்படும்போது மட்டும் தொகை பேசப்படுகிறது. மாஸ்டருக்கு எவ்வளவு, ரதிக்கு எவ்வளவு, தப்புக்கு எவ்வளவு என்ற கணக்கு, திரும்பிவரும் பேருந்திலேயே தொடங்கிவிடுகிறது.